படர்க்கையிலிருந்து முன்னிலைக்கு: வியாகுலப் பிரசங்கமும் வழிபாட்டனுபவமும்

ஈழத்துத் தமிழிலக்கிய வரலாறு எழுதுவோர் கிறிஸ்தவர் ஆக்கங்களுக்கென ஓரியலை ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. அவ்வியலிலே போர்த்துக்கேயர் காலத்து ஞானப்பள்ளும் சந்தியோகுமையோர் அம்மானையும் முதலிற் கூறப்படும். ஒல்லாந்தர் காலத்து யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் நூற்பெயர்கள் அடுக்கப்படும். அமெரிக்க மிஷனாரின் கல்விப்பணியும் அச்சுப்பணியும் பின்னர் விரிவாகப் பேசப்படும். இவ்வாறு பெயர் கூறி அமைவதிலே தவறொன்றுமில்லை. ஆயின், அப்பெயர்ப் பட்டியலில் ஒரு வரியாக நின்றுவிடும் வியாகுலப் பிரசங்கம், யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தவக்கால இரவுகளிலே வாய்விட்டு வாசிக்கப்பட்டும், கேட்கப்பட்டும், அழப்பட்டும் வந்த நூலாகும். எழுத்தறியாதாரும் அதன் பகுதிகளை மனனமாக அறிந்திருந்தனர். ஈழத்தில் எழுந்த தமிழ் உரைநடை நூல்களுள் இத்துணை நீண்டகாலம் மக்கள் வாழ்விற் கலந்து நின்றவை மிகச் சிலவே. அத்தகைய நூலைப்பற்றி எமது திறனாய்வு ஒரு வரிக்கு மேற் கூறாதது ஏன் என்பதே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாய் அமைந்த வினாவாகும்.

இவ்வினாவுக்குத் தரப்படும் விடை பெரும்பாலும் ஒன்றே. அந்நூல் பக்திக்குரியது, இலக்கியத்துக்குரியதன்று, அதனைக் கேட்போர் இறைவனின் முன்னிலையை உணர்கின்றனரெனின் அவ்வுணர்வு அவர்தம் நம்பிக்கையின் பயனேயன்றி நூலின் மொழிச் சிறப்பின் பயனன்று என்பது அவ்விடை. எம்மால் இதனை ஏற்க இயலவில்லை. நம்பிக்கை மட்டுமே போதுமாயின் எந்நூலை வாசித்தாலும் அதே பயன் விளைதல் வேண்டும். பல நூல்கள் எழுதப்பட்டு மறைய, ஒரு நூல் மாத்திரம் மக்கள் நாவில் நிலைத்ததெனின், அதன் மொழி எதனையோ செய்கின்றது என்றே கொள்ளல் வேண்டும். அம்மொழி செய்வது யாது என்பதை ஆராய்வது இறையியலாளரின் வேலையன்று, எமது வேலையாகும்.

1

முதற்கண், கிறிஸ்தவத் தமிழ் இறைமுன்னிலையைக் குறிக்கக் கையாண்ட சொற்களை நோக்குவோம். அவை ஒரே பொருளன போலத் தோன்றினும் வெவ்வேறு உலகங்களிலிருந்து வந்தவை. 'சந்நிதி' கோயிலுக்குரிய சொல். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியை அறிந்த யாழ்ப்பாணத்தவனுக்கு அச்சொல் ஓரிடத்தை, அவ்விடத்து விளக்கொளியை, அங்கு நடந்துசென்ற களைப்பை நினைவூட்டும். புரொட்டஸ்தாந்தரின் விவிலிய மொழிபெயர்ப்புகளிலே பெருவழக்கான 'சமுகம்' அரசவைக்குரிய சொல். மனுக் கொடுப்போன் அதிகாரிக்கு முன் நிற்கும் நிலையை அது குறிக்கும். 'பிரசன்னம்' என்னும் வடசொல்லிலே தெளிவு, அருள், மகிழ்ச்சி என்னும் பொருள்கள் அடங்கியுள்ளன. தெய்வம் பிரசன்னமாயிற்று என்னுமிடத்து, அது வந்ததும் அருளோடு வந்ததும் ஒருங்கே உணர்த்தப்படுகின்றன. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் 'திருமுன்' என்னும் தமிழ்ச் சொல்லைப் பரவலாக ஆண்டது.

இவற்றோடு இன்னொரு சொல்லையும் வைத்து எண்ணிப்பார்த்தல் தகும். அது எமது இலக்கணத்துச் சொல்: 'முன்னிலை'. தன்மை, முன்னிலை, படர்க்கை என மூவிடம் வகுத்த இலக்கணகாரர், கேட்போன் நிற்கும் இடத்துக்கு இட்ட பெயர் 'முன்னே நிற்றல்' என்பதாகும். ஒருவரை 'அவர்' என்கையில் அவர் எட்ட நிற்கின்றார். 'நீர்' என்கையில் முன்னே நிற்கின்றார். இறைவனைப் போற்றுவதிலும் இவ்வேறுபாடு உண்டென்பதை எமது முன்னோர் அறிந்திருந்தனர். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் முன்னிலைப் பரவல், படர்க்கைப் பரவல் என இருவகைப் பரவல்கள் வேறுபடுத்திக் காட்டப்பட்டிருத்தலை இங்கு நினைவுகூரலாம். வழிபாட்டு மொழியின் அடிப்படைத் தொழில், படர்க்கையில் அறியப்பட்ட இறைவனை முன்னிலைக்குக் கொணர்வதே என்பது எமது துணிபு. கதையும் கோட்பாடும் இறைவனை 'அவர்' என்றே பேசும். வழிபாடு 'நீர்' என்று பேசத் தொடங்கும் கணத்திலே முன்னிலை உண்டாகின்றது. இதனை அளவுகோலாகக் கொண்டு வியாகுலப் பிரசங்கத்தை நோக்குவதே இனிச் செய்யக்கிடப்பது.

2

நூலை நோக்குமுன் அது பிறந்த சூழலை அறிதல் இன்றியமையாதது. 1658இலே யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. போர்த்துக்கேயர் அமைத்த ஆலயங்கள் சீர்திருத்தத் திருச்சபையாரின் கைக்கு மாறின. அவற்றின் நிலையை அக்காலத்து யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பால்தேயு பாதிரியார் தமது நூலில் விவரித்துள்ளார். கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருமாருக்குப் புகலிடம் அளிப்பது கொடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1687இலே யோசே வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை, ஏறத்தாழ 30 ஆண்டுகள் இங்கிருந்த கத்தோலிக்கர் குருவானவரின்றியே வாழ்ந்தனர். அவர் வந்த பின்னரும் பல்லாண்டுகள் தனியொருவராகவே தீவெங்கும் அலைய நேர்ந்தது. ஆண்டுக்கொரு முறை குருவானவரைக் கண்ட ஊர்கள் பாக்கியம் பெற்றவை எனத்தகும். எஞ்சிய நாட்களிலே மூப்பரும் அண்ணாவியுமே மக்களைக் கூட்டிச் செபம் சொல்வித்தனர். 1806இல் ஆங்கிலேய ஆட்சியிலே கத்தோலிக்கர் மீதிருந்த தடைகள் நீக்கப்படும்வரை இந்நிலை வெவ்வேறு அளவில் நீடித்தது.

இந்நிலையின் கடுமை எத்தகையது என்பதை உணர, கத்தோலிக்கரின் நம்பிக்கையில் இறைப்பிரசன்னம் எங்குள்ளது என்பதை எண்ணுதல் வேண்டும். தேவநற்கருணையிலே கிறிஸ்து மெய்யாகவே பிரசன்னமாயிருக்கின்றார் என்பதை 1551இலே திரெந்துச் சங்கம் உறுதிப்படுத்தியது. நற்கருணைக்குப் பூசை வேண்டும். பூசைக்குக் குருவானவர் வேண்டும். குருவானவரில்லாத ஊரிலே பூசையில்லை. நற்கருணைப் பேழை வெறுமையானது. எதனால் இறைவன் தம்மிடையே உறைகின்றார் என்று நம்பினார்களோ அதுவே அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. மறுபுறத்தே, தடைவிதித்த ஒல்லாந்தரின் சமயமோ இறைவார்த்தையையும் பிரசங்கத்தையும் நடுநாயகமாகக் கொண்டது. அவர்தம் ஆலயங்களிலே பிரசங்கம் இருந்தது. பதவிக்காகவும் பதிவுக்காகவும் அங்கு சென்ற பலருக்கு அது செவியளவில் நின்றது. பிரசங்கத்தை மையமாகக் கொள்ளாத கத்தோலிக்கருக்கோ பிரசங்கமொன்றே எஞ்சியது. வரலாற்றின் இம்முரணிலேதான் எமது நூல் பிறக்கின்றது. 'பிரசங்கம்' என்னும் அதன் பெயர் வெறும் பெயரன்று.

கொன்சால்வெஸ் அடிகளார் கோவாவிலே 1676இற் பிறந்தவர். கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்டவர். 1705இல் இலங்கைக்கு வந்து, தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரு மொழிகளிலும் நூல்கள் இயற்றி 1742இற் காலமானவர். அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1737இல், கொழும்பிலே ஒல்லாந்தரின் அச்சகம் நூல்களை வெளியிடத் தொடங்கிற்று. ஆயின் தடைசெய்யப்பட்ட சமயத்தாருக்கு அச்சு ஏது? அவருடைய நூல்கள் பிரதிசெய்யப்பட்டுக் கைமாறிக் கைமாறிப் பரவின. கிறிஸ்துவின் பாடுகளை ஒன்பது பிரசங்கங்களாக வகுத்துரைக்கும் வியாகுலப் பிரசங்கமும் அவ்வாறு பரவியதே. சிங்களக் கத்தோலிக்கரிடையே 'பசன்' வாசிப்பாக வழங்கும் மரபுக்கும் அவரே மூலவர் என்பது ஈண்டு நினைவுகொள்ளத்தக்கது. தாம் செல்லவியலாத ஊர்களுக்கு அடிகளார் தமது குரலை அனுப்பினார் எனலாம். அக்குரலை அண்ணாவி தமது குரலாக ஏற்றார்.

3

மன்னார்க் கரையோரக் கிராமமொன்றிலே பெரிய வியாழன் இரவு இந்நூல் வாசிக்கப்பட்டதை நாம் கேட்டுள்ளோம். சுரூபங்கள் ஊதாத் துணியால் மூடப்பட்டிருந்தன. பீடம் வெறுமையாயிருந்தது. முதியவர் இருவர் மாறிமாறி வாசித்தனர். வாசிப்பு என்று கூறினும் அது பேச்சுமன்று, பாட்டுமன்று. வசனத்தை ஓரிராகத்திலே நீட்டி, குறித்த இடங்களில் தாழ்த்தி, மூச்சு முடியுமிடத்தில் நிறுத்திச் செல்லும் ஒருவகை ஓதல். நிலத்தில் அமர்ந்திருந்த பெண்களுட் சிலர், வாசிப்போர் தாழ்த்துமிடம் வருமுன்னரே தலைகுனிந்தனர். என்ன வரப்போகின்றது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அறிந்திருந்தமையினாலேயே அது அவர்களைத் தொட்டது.

பின்னர் நூலை எடுத்துத் தனியே, கண்ணால் வாசித்தபோது எமக்கு ஏற்பட்டது ஏமாற்றமே என்பதை மறைப்பதற்கில்லை. வடசொற்கள் மலிந்த நடை, கூறியது கூறல், ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்ட அடைமொழிகள், எழுவாயை மறந்துபோகும் அளவுக்கு நீண்டு செல்லும் வாக்கியங்கள். ஆறுமுகநாவலரின் உரைநடைத் தெளிவிலே பயின்ற கண்ணுக்கு இவை குற்றங்களாகவே படும். எமது இலக்கிய வரலாறுகள் இந்நூலைக் கடந்து செல்வதற்கு உண்மையான காரணம் இதுவே என எண்ணுகின்றோம். இரவிற் கேட்ட நூலும் பகலில் வாசித்த நூலும் ஒன்றுதானா என்னும் ஐயம் எழுந்தது. அவ்வையமே எம்மை அதன் வாக்கிய அமைப்பை மீண்டும் நோக்கச் செய்தது.

அக்காலக் கிறிஸ்தவ உரைநடைக்குப் பொதுவான நெடுந்தொடர்கள் வினையெச்சங்களால் ஆனவை. விழுந்து, எழுந்து, நடந்து, தள்ளுண்டு, மீண்டும் விழுந்து எனச் செயல்கள் தொடர்ந்து செல்ல, முற்றுவினை கடைசிவரை தள்ளிவைக்கப்படும். கண்ணால் வாசிப்போனுக்கு இது சோர்வு. ஓதுவோனுக்கோ ஒவ்வொரு வினையெச்சமும் ஒரு மூச்சு, கேட்போனுக்கு ஓரடி. எச்சம் எச்சமாக நிற்கும்வரை நிகழ்ச்சி முடிந்ததாகாது. கேட்போன் அதனுள்ளிருந்து வெளியேற முடியாது. கல்வாரிப் பாதையின் நீளத்தை அவன் வாக்கியத்தின் நீளமாக நடந்து கடக்கின்றான். முடிந்துபோன ஒன்றைப் பற்றிய செய்தியாக இருந்தது, முடியாத நிகழ்ச்சியாக மாறுகின்றது. எழுத்திலே குற்றமாயிருப்பது குரலிலே உத்தியாகின்றது.

கூறியது கூறலும் இவ்வாறே. தனியே வாசிப்போனுக்குத் தேவையில்லாத மீள்கூற்று, இருளில் அமர்ந்திருக்கும் கூட்டத்துக்குத் தேவையாகின்றது. முதன்முறை கேட்கையில் பொருள் விளங்குகின்றது; மறுமுறை கேட்கையில் அது கேட்போனின் கூற்றாகின்றது. மீள்கூற்று வருமிடத்திலே கூட்டத்தினரின் உதடுகள் அசைவதை நாம் கண்டோம்.

இவற்றுக்கெல்லாம் மேலாகக் கருதத்தக்கது இடமாற்றம். பாடுகளின் கதை படர்க்கையிலே தொடங்குகின்றது: அவர் தோட்டத்துக்குச் சென்றார், அவரைப் பிடித்தனர், அவரை அடித்தனர். ஆயின் பிரசங்கம் என்னும் வடிவம், கேட்போரை முன்னிலைப்படுத்தி விளிக்கும் உரிமையைத் தன் இயல்பிலேயே பெற்றுள்ளது. எனவே கதை ஓடிக்கொண்டிருக்கையிலேயே குரல் திரும்பிக் கேட்போனை 'நீ' என்கின்றது; அவனது ஆன்மாவை விளித்து வினவுகின்றது. முதலில் முன்னிலைக்கு வருபவன் இறைவனல்லன், பாவியாகிய கேட்போனே. அவன் முன்னிலைக்கு இழுக்கப்பட்ட பின்னர், அவனுடைய வாயிலிருந்து மறுமொழியாக எழும் மன்றாட்டிலே இறைவன் 'நீர்' ஆகின்றார். இவ்வொழுங்கு முறை எமக்கு மிக முக்கியமானதாகப் படுகின்றது. இறைமுன்னிலை என்பது இறைவன் வந்து நிற்பது மட்டுமன்று. மனிதன் மறைந்து நிற்கும் இடத்திலிருந்து வெளிவந்து நிற்பதுமாகும். 'ஆதாமே, எங்கே இருக்கிறாய்' என்ற பொருள்பட ஆதியாகமத்தில் எழும் வினாவின் நீட்சியே இது.

4

பிறிதொரு பொருத்தப்பாட்டையும் சுட்டுதல் வேண்டும். கத்தோலிக்க வழிபாட்டாண்டிலே பெரிய வெள்ளியன்று பூசை நிறைவேற்றப்படுவதில்லை. முதல்நாள் தேவநற்கருணை பீடத்திலிருந்து எடுத்துச் செல்லப்படும். பேழைக் கதவு திறந்து கிடக்கும். உலகெங்கும் ஆண்டிலொரு நாள் திருச்சபை தானே விரும்பி ஏற்கும் வெறுமை அது. ஒல்லாந்தர் காலத்து ஈழத்துக் கத்தோலிக்கருக்கு ஆண்டு முழுவதுமே இவ்வெறுமை விதிக்கப்பட்டிருந்தது. அடிகளார் உயிர்ப்பின் மகிழ்ச்சியை விரிக்காது பாடுகளையும் மரணத்தையும் தமது பொருளாகக் கொண்டமை, அம்மக்களின் நிலையோடு இயல்பாகவே இயைந்தது. இறைவன் இல்லாமற்போன நாளின் கதையை, அவரது பிரசன்னம் எடுக்கப்பட்ட மக்கள் தாமே வாசித்தனர். இன்மையைக் கூறும் சொல்லிலேயே உண்மையை உணர்ந்தனர். இந்நூல் அளிக்கும் முன்னிலை உணர்வு இன்பப் பரவசமன்று. இழந்தவரை இழந்தவராகவே முன்னிறுத்தும் உணர்வு. ஆகவேதான் கன்னிமரியின் துயரம் இம்மரபில் இத்துணை இடம் பெறுகின்றது.

இதே காலப்பகுதியில் தமிழகத்திலே வீரமாமுனிவரும் அன்னையின் துயரைப் பாடினார். அவரது அன்னை அழுங்கல் அந்தாதி யாப்பமைதி நிறைந்தது, கற்றோர் போற்றுவது. இரண்டையும் ஒப்புநோக்கி ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவது எமது நோக்கமன்று. அந்தாதி, புலவன் ஒருவன் அன்னையின் துயரை நோக்கி நிற்கும் நிலை. வியாகுலப் பிரசங்கமோ செத்தவீட்டிலே கூடியிருக்கும் நிலை. ஒப்பாரியை அறிந்த கிராமத்துப் பெண்ணுக்கு, மகனை இழந்த தாயின் அழுகை விளக்கம் வேண்டாதது. பீடத்தருகே உரிமையற்றிருந்த பெண்கள், அழுகையிலே உரிமையுடையோராயினர். இவ்வனுபவத்தின் அடித்தளம் கோவாவிலோ உரோமையிலோ இல்லை. எமது ஊர்களின் முற்றங்களிலேயே உள்ளது.

மேலும், நூலொன்றைக் கூட்டமாக இருந்து வாசித்துக் கேட்பதையே வழிபாடாகக் கொள்ளும் வழக்கம் ஈழத்தவருக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்துச் சைவ ஆலயங்களிலே கந்தபுராணம் படிக்கப்படும் முறையை எண்ணுக. ஒருவர் செய்யுளைப் பாட, மற்றொருவர் பயன் சொல்ல, கூட்டம் கேட்டிருக்கும். கந்தசட்டிக் காலத்திலே அப்படிப்பு கதைகேட்டலைக் கடந்து விரதத்தின் கூறாகிவிடுகின்றது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பண்பாட்டைக் கந்தபுராண கலாசாரம் எனக் குறித்ததும் இதனாலேயே. மட்டக்களப்பிலே கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகி வழக்குரை படிக்கப்படுகின்றது. அங்கும் கதையின் ஓட்டமும் சடங்கின் ஓட்டமும் ஒன்றோடொன்று பிணைந்து, இறுதியிலே அம்மன் குளிர்விக்கப்படுகின்றாள். மூன்றும் மூன்று சமயச் சூழல்களைச் சார்ந்தவை. பொருளாலும் முடிவாலும் வேறுபட்டவை. வழக்குரை குளிர்ச்சியில் முடிய, வியாகுலப் பிரசங்கம் கல்லறையின் மௌனத்தில் முடிகின்றது. ஆயினும் குறித்த காலம், குறித்த குரல், கூடிய கூட்டம் ஆகிய மூன்றுமின்றி இவற்றுள் எதுவும் முழுமை பெறுவதில்லை. இவற்றை 'வழிபாட்டு வாசிப்பிலக்கியம்' எனத் தனிவகையாகக் கொள்ளுதல் தகும். காவியத்துக்கும் பிரபந்தத்துக்கும் வகுத்த அளவுகோல்களால் இவற்றை அளப்பது, நெல்லை முழக்கோலால் அளப்பது போன்றதாகும்.

இவ்வகைக்குள்ளும் வேறுபாடுகள் உள. தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் 1647இல் இயற்றிய சந்தியோகுமையோர் அம்மானை கிளாலி யாகப்பர் ஆலயத்தோடு பிணைந்தது. அதன் முன்னிலை உணர்வு இடத்தைச் சார்ந்தது. வியாகுலப் பிரசங்கமோ இடத்தைச் சாராதது. காலத்தையும் குரலையும் சார்ந்தது. ஓலைக் கொட்டிலிலும் காட்டுக் கோயிலிலும் அதனை வாசிக்கலாம். துன்புறுத்தப்பட்டு ஓடிய மக்களுக்கு எடுத்துச் செல்லக்கூடிய சந்நிதி அதுவே. ஒல்லாந்தர் காலத்திலே மாந்தையிலிருந்து ஓடிய குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தோடு மடுக்காட்டை அடைந்தன என்பது மரபு. 2008 ஏப்பிரிலிலே அதே சுரூபம் போரின் காரணமாகத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்லப்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்டிலே மீண்டும் மடுவுக்கு வந்தது. இடம்பெயர்தல் எமது மக்களுக்குப் பழங்கதையன்று. பெயர்ந்தோடுவோர் எதனைக் கையிலெடுப்பர், எதனை நெஞ்சிற் சுமப்பர் என்னும் வினா இலக்கிய வரலாற்றுக்கும் உரிய வினாவாகும்.

5

இதுவரை கூறியவற்றால், இந்நூலைக் குறையற்றதெனப் போற்றுகின்றோம் எனக் கொள்ளலாகாது. மூன்று தடைகளை எதிர்நோக்குதல் திறனாய்வின் கடமையாகும்.

முதலாவது, கண்ணீரும் முன்னிலையும் ஒன்றல்ல என்பது. இராகத்தின் தாழ்ச்சியிலே எவரும் அழலாம். அழுது முடித்து வீடு சென்றபின் யாதும் மாறாதிருக்கலாம். இதனை மறுப்பதற்கில்லை. ஆயின் அழுகையோடு நிறுத்தாது, கேட்போனை விளித்து வினவும் கூறு நூலிலே உள்ளதென்பதை மேலே காட்டினோம். அக்கூறு விடுபட்டு, துயரக் காட்சிகள் மாத்திரம் வாசிக்கப்படும்போது நூல் தன் நோக்கத்தை இழக்கின்றது. சுருக்கி வாசிக்கும் இக்காலத்தில் முதலில் வெட்டப்படுவது அவ்வினாக்களே.

இரண்டாவது, யூதரைப் பற்றியது. அக்காலத்துப் பாடுகளின் இலக்கியங்கள் பலவற்றைப் போன்றே இம்மரபும் யூத இனத்தாரைக் கொடியோராகச் சித்திரித்தது. ஐரோப்பாவிலே இத்தகைய சித்திரிப்புகள் எவ்வளவு குருதிக்கு வழிவகுத்தன என்பதை உலகம் அறியும். 1965இலே இரண்டாம் வத்திக்கான் சங்கம், கிறிஸ்துவின் மரணப் பழியை யூத இனம் முழுவதன்மேலும் சுமத்தலாகாது எனத் தெளிவாக உரைத்தது. 'நீ' எனக் கேட்போனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இந்நூலின் ஆழமான உந்துதல். பழியைப் பிறிதோர் இனத்தின்மேல் ஏற்றுவது அவ்வுந்துதலுக்கே முரணானது. படர்க்கையில் உள்ள 'அவர்கள்' மீது பழி சென்றுவிடின், முன்னிலையில் நிற்கவேண்டியவன் தப்பிவிடுகின்றான். எனவே இக்குறை அறத்தின் குறை மட்டுமன்று, கலையின் குறையுமாகும்.

மூன்றாவது, காலமாற்றம். 1963 திசெம்பர் 4ஆந் திகதி வெளியான திருவழிபாடு பற்றிய சங்கக் கொள்கைவிளக்கத்தின் பின்னர், இலத்தீனில் நிகழ்ந்த பூசை தமிழில் நிகழ்வதாயிற்று. குருவானவர் மக்களை நோக்கி நின்றார். மக்கள் தம் மொழியில் மறுமொழி கூறினர். தாய்மொழியில் இறைவனை 'நீர்' என அழைக்கும் வாய்ப்பு முன்னர் செபங்களிலும் வியாகுலப் பிரசங்கம் போன்றவற்றிலுமே பெரிதும் இருந்தது. இப்போது அது பீடத்தின் முன்னரே கிடைத்தது. இது பெரும்பேறு. இதன் விளைவாகப் பழைய வாசிப்பின் தேவை குறைந்ததாயின் அதற்காக வருந்துவதற்கில்லை. 1965இலே நீ. மரியசேவியர் அடிகளார் நிறுவிய திருமறைக் கலாமன்றம் பாடுகளின் கதையை நவீன அரங்குக்குக் கொணர்ந்து பல்லாயிரவரைச் சென்றடையச் செய்தது. ஆயின் அரங்கிலே கூட்டம் பார்வையாளராகின்றது. பேசாலை போன்ற ஊர்களின் உடக்குப் பாஸிலும் வாசிப்பிலும் கூட்டம் பங்காளராயிருந்தது. இவ்வேறுபாட்டையும் உணர்தல் வேண்டும்.

இற்றை நாளிலே பரவிவரும் எழுச்சி வழிபாடுகளையும் ஒருவாறு குறிப்பிடலாம். அங்கு 'பிரசன்னம்' என்னும் சொல் முன்னெப்போதையும்விட மிகுதியாக வழங்குகின்றது. அவ்வனுபவத்தின் மெய்ம்மையை ஐயுறுவது எமது பணியன்று. அவற்றின் பாடல் மொழியை மட்டும் நோக்குமிடத்து, தன்மையிடம் ஓங்கி நிற்பதைக் காண்கின்றோம்: என் உள்ளம், என் மகிழ்ச்சி, நான் உணர்கின்றேன். கோட்பாடு படர்க்கையிலே உறைந்துவிடும் ஆபத்து உள்ளதுபோன்றே, அனுபவம் தன்மையிலே உறைந்துவிடும் ஆபத்தும் உண்டு. இரண்டுக்கும் நடுவேயுள்ள முன்னிலையிலே நிற்பது எளிதன்று. பழைய நூலொன்று எமக்கு இன்றும் கற்பிக்கக்கூடியது இதுவே.

6

1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார், யாழ்ப்பாணக் கத்தோலிக்கக் கூத்து நூல்கள் சிலவற்றைப் பதிப்பித்து, கூத்தை ஏட்டளவில் மதிப்பிடாது ஆடுகளத்தோடு சேர்த்து மதிப்பிடும் நெறியை எமது பல்கலைக்கழகச் சூழலில் நிலைநாட்டினார். அந்நெறியின் பயன் வாசிப்பு மரபுக்கு இன்னும் உரிய அளவிற் கிடைக்கவில்லை. பேராசிரியர் ஆ. சதாசிவம் தொகுத்த ஈழத்துத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம் போன்ற அரிய முயற்சிகள் கவிதையை மட்டும் எல்லையாகக் கொண்டமையால், ஓதப்படும் உரைநடைக்கு அங்கும் இடமில்லாது போயிற்று. செய்யுளுமன்றி, நாவலர் வழிவந்த உரைநடையுமன்றி இரண்டுக்குமிடையே நிற்பதால் இந்நூல் இருசாராராலும் கைவிடப்பட்டது.

செய்யவேண்டியவை பல. ஊருக்கூர் வேறுபடும் வாசிப்பு இராகங்கள், அவற்றை அறிந்த முதியோர் இருக்கும்போதே ஒலிப்பதிவு செய்யப்படல் வேண்டும். கையெழுத்துப் படிகளும் அச்சுப் பதிப்புகளும் ஒப்புநோக்கப்படல் வேண்டும். தமிழ் வாசிப்பும் சிங்களப் பசன் வாசிப்பும் ஒருங்கே ஆராயப்படல் வேண்டும். ஒருவரே இருமொழிக்கும் அளித்த கொடை அது. ஆலயத்துள் நம்பிக்கையோடு செல்வோரும் ஆய்வுக்காகச் செல்வோரும் இதனை ஒருங்கே செய்யலாம். நாம் சென்ற கிராமத்திலே வாசித்த முதியவர் இருவருள் ஒருவர், தமக்குப் பின் இவ்விராகத்தில் வாசிக்க ஊரிலே எவருமில்லை எனக் கூறினார். நூல் இருக்கின்றதே என்றோம். அதற்கு அவர், 'நூல் இருக்கு. வாசிக்க ஆள் வேணுமே' என்றார்.

இலக்கியம் என்பது நூலா, வாசிக்கும் ஆளா என்னும் வினாவுக்கு எமது திறனாய்வு இதுகாறும் அளித்துவந்த விடையை மீளச் சிந்திக்க, அம்முதியவரின் அவ்வொரு வாக்கியம் போதும்.